ஒரு கட்டடம், இரண்டு சர்வர்: விண்டோஸும் லினக்ஸும் கோப்பைப் பகிரும்போது எங்கே இடறுகிறது

பரம்பரைப் பேரேடுகளையும் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து வைக்கும் வேலையும் அன்றாடக் கணக்கும் ஒரே கட்டடத்தில் நடக்கும் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ, பழைய வீட்டின் முகப்பில் இயங்கும் அலுவலகம். அங்கே இரண்டு சர்வர்கள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். டேலிக்கும் பில்லிங்குக்கும் ஒரு விண்டோஸ் சர்வர். படங்களைக் கொட்டிவைக்க, நாலு பெரிய டிஸ்க் போட்ட லினக்ஸ் சர்வர். லைசன்ஸ் செலவு மிச்சம் என்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். இதற்கு மேல், படங்களைத் துலக்கித் தருபவர் மேக் வைத்திருப்பார்.

இவற்றை இணைப்பது அரை மணி வேலை. ஃபோல்டர் திரையில் தெரிந்துவிடும், எல்லோருக்கும் திருப்தி. தொல்லை அடுத்த வாரம் வரும். ஒருவர் போட்ட கோப்பு மற்றவருக்குத் திறக்கும், ஆனால் சேமிக்க முடியாது. தேடினால் கிடைக்காத கோப்பு, பட்டியலில் கண்ணெதிரே நிற்கும். மின்சாரம் போய் வந்த மறுநாள் பேக்கப் எங்கேயோ வேறிடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இவற்றில் எதுவும் கேபிள் கோளாறு இல்லை. கோப்பு யாருடையது, அதன் பெயர் என்ன, இப்போது அது யார் கையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இரண்டு இயங்குதளங்களும் வேறுவேறு பதில் வைத்திருக்கின்றன. பகிர்வு மென்பொருள் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறது. இடறுவது அந்த மொழிபெயர்ப்பில்தான்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் விதியை இப்போதே சொல்லிவிடலாம்: ஒரு ஃபோல்டருக்கு ஒரே நெறிமுறை, அதாவது கணினிகள் கோப்பைப் பகிரப் பேசிக்கொள்ளும் ஒரே முறை. ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் ஃபோல்டர் என்றால் விண்டோஸின் நெறிமுறையான எஸ்எம்பி; லினக்ஸ் பக்கம் அதைப் பேசும் மென்பொருள் சம்பா. லினக்ஸ் சர்வருக்கும் லினக்ஸ் சர்வருக்கும் இடையே மட்டும் யுனிக்ஸ் வழி வந்த நெறிமுறையான என்எஃப்எஸ். ஒரே ஃபோல்டரை இரண்டிலும் திறந்துவிடுவது பலரும் செய்வதுதான். அது ஏன் கூடாது என்பது கீழே பூட்டு பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

இரண்டு பரம்பரைகள்

எஸ்எம்பி 1983இல் ஐபிஎம்மில் பேரி ஃபெய்கன்பாம் தொடங்கியது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. என்எஃப்எஸ் 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்தது. முன்னது தனிக் கணினிகளுக்காக வந்தது: நெட்வொர்க்கின் மறுமுனையில் இருப்பவர் யாரென்று தெரியாது, பெயரும் பாஸ்வேர்டும் கேள். பின்னது யுனிக்ஸ் சர்வர்களுக்காக வந்தது: மறுமுனையில் இருப்பதும் நம் நிர்வாகத்தில் உள்ள இயந்திரம்தான், அது சொல்வதை நம்பு. நாற்பது ஆண்டுகளில் இரண்டும் பல பதிப்புகள் மாறிவிட்டாலும் இந்த அடிப்படைக் குணம் மாறவில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே பாலம் போட்டவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் கவனித்தே எஸ்எம்பியின் நடைமுறையைக் கண்டுபிடித்து, 1991 இறுதி, 1992 தொடக்க வாக்கில் முதல் வடிவத்தை எழுதினார். அதுதான் சம்பா ஆயிற்று. மைக்ரோசாஃப்டின் நெறிமுறை ஆவணங்கள் சம்பா குழுவின் கைக்கு வந்தது 2007 டிசம்பரில். ஐரோப்பிய ஆணையம் 2004இல் தந்த தீர்ப்பு அதற்கு வழிவிட்டது. அதுவரையில் நடந்ததெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். 2012 டிசம்பரில் வந்த சம்பா 4 முதல், விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலராகவே (எல்லாக் கணினிகளின் உள்நுழைவையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் சர்வராகவே) அதை வைக்க முடிகிறது. பத்துப் பேர் அலுவலகத்துக்கு அதெல்லாம் தேவையில்லை.

யார் வந்திருக்கிறார்?

என்எஃப்எஸ் வழக்கமான அமைப்பில் பெயரைப் பார்ப்பதே இல்லை. யூசர் எண்ணைப் பார்க்கிறது. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் முதலில் உருவாக்கும் யூசருக்கு 1000 என்ற எண் விழும். ஸ்கேன் சர்வரில் 1000 என்பது ஸ்கேன் செய்பவர்; பேக்கப் சர்வரில் 1000 என்பது கணக்காளர். இரண்டையும் என்எஃப்எஸ்ஸில் இணைத்தால், கணக்காளருக்கு ஸ்கேன் செய்பவரின் கோப்புகள் எல்லாம் சொந்தமாகத் தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது. எண் பொருந்துகிறது, எனவே எல்லாம் சரி என்பது அதன் கணக்கு. ஆகவே என்எஃப்எஸ் வைக்கும் இரண்டு சர்வர்களிலும் ஒரே ஆளுக்கு ஒரே எண் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கோப்பெல்லாம் ‘நோபடி’ பெயரில் விழுந்தால், பெரும்பாலும் ரூட்டாக (லினக்ஸில் முழு அதிகாரம் உள்ள கணக்காக) எழுதியிருப்பீர்கள். ரூட்டின் அதிகாரத்தைப் பறித்து 65534 என்ற எண்ணாக மாற்றிவிடுவது என்எஃப்எஸ்ஸின் இயல்பான பாதுகாப்பு. அதை அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை இணையமெங்கும் கிடைக்கும், கேட்க வேண்டாம்.

என்எஃப்எஸ்ஸில் இன்னொரு கண்ணி உண்டு. எந்த ஃபோல்டரை எந்தக் கணினிக்குத் திறப்பது என்று எழுதும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில், கிளையன்ட்டின் (இணையும் கணினியின்) ஐபி முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. விட்டால், அந்த முகவரிக்கு இயல்பான அனுமதியும், அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுதும் அனுமதி உலகத்துக்கே என்றும் அர்த்தமாகிவிடும். ஒரு ஸ்பேஸ், அவ்வளவுதான்.

சம்பா வேறு வகை. ஒவ்வொரு இணைப்பிலும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் லினக்ஸில் உள்நுழையும் பாஸ்வேர்ட் அன்று. லினக்ஸ் தன் பாஸ்வேர்டை ஒரு வகை ஹாஷாக, அதாவது மூலத்தைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றிய குறியாக, வைத்திருக்கிறது. விண்டோஸின் கேள்வி-பதில் முறைக்கு வேறு வகை ஹாஷ் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதை வருவிக்க முடியாது. அதனால் லினக்ஸ் யூசரை உருவாக்கிய பிறகு சம்பாவின் பட்டியலிலும் அதே பெயரை, பாஸ்வேர்டோடு தனியாகச் சேர்க்க வேண்டும். “லினக்ஸில் உள்ளே போகிறது, விண்டோஸிலிருந்து போகவில்லை” என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அனுமதியில் இரண்டு அடுக்குகள். நகரத்தார் வீட்டில் பெரிய நிலைக்கதவு திறந்து வளவுக்குள் வந்துவிட்டாலும் அவரவர் புள்ளிக்கு உரிய அறைச் சாவி தனியாக வேண்டுமே, அதே ஏற்பாடு. சம்பா ஷேரில் (சம்பா பகிரும் ஃபோல்டரில்) எழுதலாம் என்று போட்டிருப்பது வெளிக்கதவு. லினக்ஸ் ஃபோல்டரின் பெர்மிஷன் அறைக் கதவு. இரண்டும் திறந்தால்தான் எழுத முடியும்.

பத்துப் பேருக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு நன்றாக வேலை செய்யும் அமைப்பு இது. லினக்ஸில் ஒரு குரூப் உருவாக்கி, ஸ்கேன் வேலையில் உள்ள எல்லோரையும் அதில் சேர்க்க வேண்டும். ஃபோல்டரை அந்தக் குரூப்பின் பெயருக்கு மாற்றி, பெர்மிஷனை 2770 என்று வைக்க வேண்டும். முன்னால் இருக்கும் 2 முக்கியம்: உள்ளே புதிதாகப் பிறக்கும் கோப்பும் ஃபோல்டரும் அதே குரூப்பைச் சேர்ந்ததாக இருக்கும். பிறகு சம்பாவின் ஷேர் பகுதியில் நாலு வரிகள் (உள்ளே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்): ‘வேலிட் யூசர்ஸ்’ வரியில் அந்தக் குரூப், ‘ஃபோர்ஸ் குரூப்’ வரியிலும் அதே குரூப், ‘கிரியேட் மாஸ்க்’ 0660, ‘டைரக்டரி மாஸ்க்’ 2770. கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் சம்பாவின் இயல்பான மதிப்புகளான 0744, 0755 அமலாகும். 0744 என்றால் உரியவர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். ‘திறக்கிறது, சேமிக்க முடியவில்லை’ என்பதன் மூலம் பெரும்பாலும் இந்த எண்தான். வரிகளைப் போட்டபின் ‘டெஸ்ட்பார்ம்’ கமாண்டை ஓட்டினால் எழுத்துப்பிழை உள்ள வரியைக் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்க்காமல் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

ராக்கி, ஆல்மா, ஃபெடோரா வகை லினக்ஸ் என்றால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு மூன்றாவது கதவாக உண்டு. எல்லாப் பெர்மிஷனும் சரியாக இருந்தும் ஃபோல்டர் காலியாகத் தெரிந்தாலோ, நுழைய விடாவிட்டாலோ, அந்த ஃபோல்டருக்கு சம்பா ஷேருக்கான லேபிள் ஒட்டப்படவில்லை. லேபிளை நிரந்தரமாகப் பதிவு செய்து, பின் மீட்டமைக்கும் கமாண்டை ஓட்ட வேண்டும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிட்டாலும் வேலை நடக்கும். ஆனால் ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை என்பதற்காக மொத்தக் காவலையும் வீட்டுக்கு அனுப்புவது அதிகம்.

விண்டோஸ் பக்கம் வரும் ஒரு குழப்பம் 1219 என்ற எண்ணோடு வரும். ஒரே சர்வருக்கு, ஒரே விண்டோஸ் அமர்விலிருந்து, இரண்டு வேறு யூசர் பெயர்களில் இணைக்க விண்டோஸ் விடாது. பழைய இணைப்பை ‘நெட் யூஸ்’ கமாண்டால் நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். பாஸ்வேர்டை மாற்றியும் பழையதே போகிறது என்றால் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்திருப்பதை அழிக்க வேண்டும்.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபின் இன்னொரு மாற்றம். பாஸ்வேர்ட் இல்லாத விருந்தாளி இணைப்பை ப்ரோ பதிப்பு மறுக்கிறது. கையொப்பமிட்ட எஸ்எம்பி பாக்கெட்டுகளையே ஏற்கிறது. ‘எல்லோருக்கும் திறந்த ஷேர்’ என்று வைத்திருந்த பழைய லினக்ஸ் பெட்டி திடீரென்று வேலை செய்யாமல் போவது இதனால்தான். விண்டோஸின் பூட்டைத் தளர்த்தாமல் சம்பாவில் யூசரை உருவாக்கிக் கொடுப்பதே சரி.

பெயரில் இருக்கிறது வம்பு

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் அதிகம் தொடாத பகுதி இது. ஏனென்றால் ஆங்கிலப் பெயர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

‘காரைக்குடி’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது பத்துக் குறியீடு: க, துணைக்கால், ர, ஐகாரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி. லினக்ஸ் இதை, குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் வைக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 30 பைட். ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய லினக்ஸ் கோப்பமைப்புகளில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். நம் கணக்கில் நாற்பது, நாற்பத்தைந்து எழுத்துகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸோ 255 குறியீடு வரை இடம் கொடுக்கிறது. விலாசம், ஆண்டு, பத்திர விவரம் எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் விண்டோஸில் வைத்த பெயர் லினக்ஸுக்குப் போகாது. ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிடும். அல்லது நகலெடுக்கும் மென்பொருள் அந்த ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஆயிரம் கோப்பில் மூன்று குறைகிறது என்றால் முதலில் நீளமான பெயர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் பக்கமும் ஒரு வரம்பு உண்டு: பல பழைய மென்பொருள்கள் முழுப் பாதையையும் சேர்த்து 260 குறியீட்டுக்கு மேல் ஏற்பதில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆறு அடுக்கு போனால் தமிழ்ப் பெயர்களுக்கு இது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அடுத்தது இன்னும் நுட்பம். கோட்டையூர், தேவகோட்டை, கோனாபட்டு, கொத்தமங்கலம், வைரவன்கோவில் என்று இந்த வட்டாரத்தில் கொ, கோ வரும் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடு. இது 6 பைட். அல்லது க, இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று. இது 9 பைட். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் விசைப்பலகைகள் வழக்கமாக முதல் வகையைத் தருகின்றன. மேக்கின் பழைய கோப்பமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாவற்றையும் பிரித்து இரண்டாவது வகையில் சேமிக்கும். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. இரண்டும் அதற்கு வேறுவேறு பெயர்கள். ஆகவே மேக்கிலிருந்து ஆர்சிங்க், டார் என்ற நகலெடுக்கும் கருவிகள் வழியாகவோ என்எஃப்எஸ் வழியாகவோ வந்த ‘தேவகோட்டை’ ஃபோல்டரும், விண்டோஸில் உருவாக்கிய ‘தேவகோட்டை’ ஃபோல்டரும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக நிற்கும். பாதிப் படம் இதில், பாதிப் படம் அதில். தேடினால் ஒன்றுதான் அகப்படும்.

வழி இருக்கிறது. மேக்கை எஸ்எம்பி வழியாக மட்டும் இணைப்பது முதல் வழி. அதன் எஸ்எம்பி கிளையன்ட் பெயரைச் சேர்த்தெழுதிய வடிவத்தில் அனுப்புகிறது. என்எஃப்எஸ்தான் வேண்டும் என்றால் மவுன்ட் செய்யும்போது (மறுமுனை ஷேரை இங்குள்ள ஒரு ஃபோல்டரில் இணைக்கும்போது) ‘என்எஃப்சி’ என்ற, சேர்த்தெழுதிய வடிவத்துக்கான விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். ஆர்சிங்க்கில் எழுத்துமுறை மாற்றும் விருப்பம் உண்டு. ஏற்கெனவே கலந்துபோனதைச் சரிசெய்ய லினக்ஸில் ‘கான்வ்எம்வி’ என்ற சிறு கருவி உதவும். அது முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்டும். ஒத்திகை வேண்டாம் என்று தனியாகச் சொன்னால்தான் மாற்றும். ஒரே பெயராக முடியும் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தால், ஓட்டுவதற்கு முன்பே கையால் ஒன்று சேர்த்துவிடுவது நல்லது.

‘ஸ்ரீ’ இதைவிட மோசம். ஸகரத்தில் தொடங்கி எழுதுவது பழைய முறை. 2005இல் வந்த யூனிகோட் 4.1 தமிழுக்கு ஶகரத்தைத் தனிக் குறியீடாகச் சேர்த்தது. அதில் தொடங்கி எழுதுவது புதிய முறை. இரண்டும் திரையில் ஒரே ‘ஸ்ரீ’யாகத் தெரியும். ஆனால் யூனிகோடின் பார்வையில் இவை சமமானவை அல்ல. எனவே மேலே சொன்ன கருவி இதைச் சரிசெய்யாது. கோயில் கணக்கும் பேரேடும் ஸ்ரீயில் தொடங்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கோப்புப் பெயரில் ஸ்ரீ வேண்டாம் என்று அலுவலக விதியாகவே வைத்துவிடலாம்; படத்துக்குள் இருக்கட்டும்.

பேரேட்டில் உள்ளபடியே ௰, ௱ என்று தமிழ் எண்குறிகளைப் பெயரில் இடுபவர்களும் உண்டு. அவை மதிப்பின்படி வரிசையில் நிற்பதில்லை. 001, 002 என்று மூன்று இலக்கமாக வைப்பதே எல்லா இயங்குதளத்திலும் ஒழுங்காக அடுக்கும்.

விண்டோஸில் என்எஃப்எஸ் ஏன் வேண்டாம் என்பதற்கும் காரணம் தமிழ்தான். விண்டோஸில் ஒரு என்எஃப்எஸ் கிளையன்ட் உண்டு (ஹோம் பதிப்பில் இல்லை). அது மூன்றாம் பதிப்போடு நின்றுவிட்டது. கோப்புப் பெயர்களைக் கணினியின் பழைய குறியீட்டுப் பக்கத்தில் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து-எண் பட்டியலில்) வைத்துப் படிக்கிறது. தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு பழைய குறியீட்டுப் பக்கமே கிடையாது. தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரியும். கணினி முழுவதையும் யுடிஎஃப்-8க்கு மாற்றும் சோதனை நிலை அமைப்பு ஒன்று உண்டு. அதைத் தொட்டால் பழைய கணக்கு மென்பொருள்கள் முறுக்கிக்கொள்ளக்கூடும். சம்பாவில் இந்தப் பேச்சே இல்லை. அது யூனிகோடிலேயே பேசுகிறது.

மற்றவை எல்லோருக்கும் பொதுவானவை. லினக்ஸில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி எல்லாம் பெயரில் வரலாம், விண்டோஸில் வரக்கூடாது. நேரத்தை 10:30 என்று பெயரில் எழுதும் ஸ்கேன் மென்பொருள் லினக்ஸில் ஓடினால், விண்டோஸில் அந்தக் கோப்பு அலைபோன்ற குறியோடு எட்டெழுத்துப் பெயராகச் சுருங்கித் தெரியும். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு, விண்டோஸுக்கு ஒன்று. சம்பா இதைச் சமாளிக்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. கேட்ட பெயர் அப்படியே இல்லாவிட்டால், ஃபோல்டரில் உள்ள எல்லாப் பெயர்களையும் வரிசையாகப் பார்த்துத்தான் ‘இல்லை’ என்று சொல்லும். ஒரே ஃபோல்டரில் ஐம்பதாயிரம் படங்களைக் கொட்டினால் புதிய கோப்பு ஒவ்வொன்றும் தயங்கித் தயங்கி விழும். பேரேடு ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர் வைத்தாலே தீர்ந்தது.

பூட்டு

விண்டோஸில் ஒரு கோப்பைத் திறப்பவர் மற்றவர்களுக்குத் தடை போட்டுத் திறக்கலாம். அந்தத் தடையை யாரும் மீற முடியாது. லினக்ஸில் பூட்டு என்பது பெரும்பாலும் வேண்டுகோள். கேட்காமல் எழுதும் மென்பொருளை அது தடுக்காது. இதோடு எஸ்எம்பியில் இன்னொரு ஏற்பாடு: ஒரே ஆள்தான் திறந்திருக்கிறார் என்றால், மாற்றங்களை அவருடைய கணினியிலேயே சிறிது நேரம் வைத்துக்கொள்ள சர்வர் அனுமதிக்கும். இன்னொருவர் கேட்கும்போது அதைத் திரும்பப் பெற்று எழுதிவிட்டு வழிவிடும். வேகத்துக்காக வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இன்னொருவர் சம்பா வழியாக வராமல் என்எஃப்எஸ் வழியாகவோ, லினக்ஸ் சர்வரிலேயே உட்கார்ந்தோ கோப்பைத் தொட்டால், கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வழியாக இதைச் சொல்லும் அமைப்பை இயக்கியிருந்தாலொழிய, சம்பாவுக்குத் தெரியாது. பழைய உள்ளடக்கத்தைப் படித்து, அதன்மேல் எழுதி, இரண்டு பேரின் வேலையும் கெடும். ஒரு ஃபோல்டருக்கு ஒரு நெறிமுறை என்பது இதற்காகத்தான்.

முழுக் கோப்பாக எழுதி முடித்தபின் யாரும் மாற்றாத ஸ்கேன் படங்களுக்கு இந்த ஆபத்து குறைவு. கணக்கு மென்பொருளின் டேட்டா கோப்புகளுக்கு அதிகம்: பலர் ஒரே நேரத்தில், ஒரே கோப்பின் வெவ்வேறு பகுதிகளில் எழுதுகிறார்கள். டேட்டாவை விண்டோஸ் சர்வரிலேயே இருக்கவிட்டு, இரவில் அதன் நகலை மட்டும் லினக்ஸுக்குக் கொண்டுவருவதே நிம்மதி. டிஸ்கில் இடம் இருக்கிறதே என்று லினக்ஸ் ஷேரில் டேட்டாவை வைத்து ஓட்டுவது சாத்தியம்தான். ஆனால் கெட்டால் எந்தப் பக்கத்துக் கோளாறு என்று கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும்.

மின்சாரம் போய் வந்தபின்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மாலைதான் வரும். யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும். எந்த வரிசையில் அணைப்பது, எந்த வரிசையில் போடுவது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம். அணைக்கும்போது கிளையன்ட் கணினிகள், விண்டோஸ் சர்வர், கடைசியாக லினக்ஸ் சர்வர். போடும்போது ஸ்விட்ச், லினக்ஸ், பிறகு மற்றவை. ஆள் இல்லாத நேரத்துக்கு ‘நட்’ என்ற திறமூல மென்பொருள் உதவும்: யூபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிள் லினக்ஸ் சர்வரில் மட்டும் இருக்கும், பேட்டரி இறங்கியதும் அது நெட்வொர்க் வழியாக மற்றவற்றுக்கும் அணையச் சொல்லும்.

விண்டோஸ் சர்வரின் ஷேரை லினக்ஸ் பேக்கப்புக்காக மவுன்ட் செய்திருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, எழும்பும்போது எவற்றை மவுன்ட் செய்வது என்று எழுதும் எஃப்ஸ்டாப் கோப்பில் அந்த வரிக்கு ‘நோஃபெயில்’ என்றும் ‘நெட்டெவ்’ என்றும் விருப்பம் கொடுக்காவிட்டால், விண்டோஸ் எழும்பத் தாமதமாகும் நாளில் லினக்ஸ் எழும்புவதும் தடைப்படலாம்.  இரண்டு, ‘நோஃபெயில்’ கொடுத்தபின் வேறொரு கண்ணி திறக்கும். மவுன்ட் ஆகாமலே சர்வர் எழும்பிவிடும். மவுன்ட் ஆக வேண்டிய இடம் வெறும் காலி ஃபோல்டராக இருக்கும். படங்களை அங்கே நகலெடுக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட் அது தெரியாமல் சிஸ்டம் டிஸ்கிலேயே எழுதிக்கொண்டு போகும். டிஸ்க் நிறைந்து சர்வர் நிற்கும்போதுதான் தெரியும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ‘மவுன்ட்பாயின்ட்’ கமாண்டால் உண்மையிலேயே மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கூடவே, மவுன்ட் இல்லாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டருக்கு ‘மாற்ற முடியாதது’ என்ற பண்பைக் கொடுத்துவிட்டால் ரூட்டாலும் அதில் எழுத முடியாது. பாஸ்வேர்டை எஃப்ஸ்டாப்பிலேயே எழுதாமல், 600 பெர்மிஷன் உள்ள தனிக் கோப்பில் வைக்க வேண்டும்.

என்எஃப்எஸ்ஸில் ‘ஹார்ட்’, ‘சாஃப்ட்’ என்று இரண்டு வகை மவுன்ட். ஹார்ட் என்றால் மறுமுனை போய்விட்டால் திரும்பும்வரை காத்திருக்கும். நிரல்கள் உறைந்து நிற்கும். சாஃப்ட் என்றால் சிறிது நேரத்தில் பிழை கொடுத்துவிடும். உறைவதில்லை, ஆனால் பாதி எழுதிய கோப்பு மிஞ்சலாம். எழுதும் ஃபோல்டருக்கு ஹார்ட்தான்.

விண்டோஸில் இரவு வேலையாக ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு மேப் செய்த இசட் டிரைவ் தெரியாது. டிரைவ் எழுத்து என்பது உள்நுழைந்த ஆளின் அமர்வுக்கு உரியது. இரட்டைச் சாய்கோட்டோடு தொடங்கும் முழு முகவரியையே ஸ்கிரிப்ட்டில் எழுத வேண்டும்.

பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். டொமைன் வைத்திருக்கும் இடத்தில் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே, உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது. இரண்டு சர்வரும் ஒரே நேர சர்வரைப் பார்த்து ஓடட்டும்.

பழைய காப்பியரும் எஸ்எம்பி 1உம்

2017 மே 12இல் பரவிய வானக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கெடுநிரல்), எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக வந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பிறகு விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. சம்பாவும் 2019இல் வந்த 4.11இலிருந்து அதை அணைத்தே தருகிறது. இதனால் அலுவலகத்தில் கண்ணுக்குத் தெரியும் விளைவுகள் இரண்டு. முதலாவது, ‘நெட்வொர்க்’ என்ற பகுதியில் லினக்ஸ் சர்வர் தெரியாது. பழைய பட்டியல் முறை எஸ்எம்பி 1ஐ நம்பியிருந்தது. லினக்ஸில் ‘டபிள்யூஎஸ்டிடி’ என்ற மென்பொருளை நிறுவினால் மீண்டும் தெரியும். நிறுவாவிட்டாலும் ஐபி முகவரியை நேரடியாக அடித்தால் திறக்கும். இரண்டாவது, ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்பும் பழைய காப்பியர் இயந்திரம் நின்றுபோகும், ஏனென்றால் அதற்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். பழுது பார்ப்பவர் வந்து சர்வரில் எஸ்எம்பி 1ஐ இயக்கிவிட்டுப் போவதுண்டு. அனுமதிக்க வேண்டாம். அந்த இயந்திரங்களில் எஃப்டிபி என்ற வேறொரு கோப்பு அனுப்பும் வசதியும் பெரும்பாலும் இருக்கும். லினக்ஸில் அதற்கென்று ஒரே ஒரு ஃபோல்டரை, அந்த இயந்திரத்தின் ஐபிக்கு மட்டும் திறந்துவிட்டால் போதும்.

ஃபயர்வாலில் சம்பாவுக்கு 445, என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு 2049. உள் நெட்வொர்க்குக்கு மட்டும். வெளியூர்க் கிளைக்கோ வெளிநாட்டில் உள்ள பங்காளிக்கோ கொடுக்க வேண்டுமென்று ரூட்டரில் 445ஐத் திறப்பதைவிட ஆபத்தான காரியம் இதில் வேறில்லை. விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனிவழியாக வரட்டும்.

வேகம் பற்றிக் கொஞ்சம். ஏ4 அளவுப் பக்கம் 600 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் ஆக 100 எம்பி அளவு வரும். 300 டிபிஐ என்றால் சுமார் 26 எம்பி. 200 பக்கப் பேரேடு 600 டிபிஐயில் 20 ஜிபி. கிகாபிட் இணைப்பில் நடைமுறை வேகம் விநாடிக்கு 110 எம்பி. மூன்று நிமிடத்தில் போய்விடும். 100 மெகாபிட்டில் அரை மணி ஆகும். கிகாபிட்டுக்கு கேபிளின் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் பல நேரங்களில் ஸ்விட்ச் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், இணைப்பு மட்டும் நன்றாகவே தெரியும். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக இருக்கும் வீடுகளில் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபையை நம்ப முடியாது. காப்பர் கேபிளின் வரம்பு 100 மீட்டர்; சுற்றி வளைத்துப் போகும் நீளத்தைத்தான் கணக்கிட வேண்டும். திறந்த வெளியில் கேபிள் போகும் இடத்தில், இடி மின்னலை நினைத்து ஃபைபர் போடுவது நல்லது.

அழிந்தது திரும்பி வருமா

நெட்வொர்க் ஷேரில் அழித்த கோப்பு விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நேராகப் போய்விடும். சம்பாவில் ‘ரீசைக்கிள்’ என்ற துணைத் தொகுதி உண்டு; ஷேரில் ஒரு வரி சேர்த்தால், அழித்தவை மறைவான ஃபோல்டர் ஒன்றுக்குப் போய்ச் சேரும். முப்பது நாளுக்கு மேற்பட்டதை இரவில் துடைக்க ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் டிஸ்க் நிறையும். ஆனால் இது அழித்தலுக்கு மட்டும்தான். மேலெழுதிவிட்டால் உதவாது. விண்டோஸ் கணினியில் புகுந்த ரான்சம்வேர் இணைந்திருக்கும் ஷேர்களையும் பூட்டும். அது பெரும்பாலும் மேலெழுதுகிறது.

அதற்கு ஸ்நாப்ஷாட், அதாவது டிஸ்க் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு. லினக்ஸ் சர்வரின் டிஸ்க் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பமைப்புகளில் ஒன்றில் இருந்தால் மணிக்கொரு ஸ்நாப்ஷாட் எடுத்து, சம்பாவின் ‘ஷேடோ காப்பி 2’ தொகுதி வழியாகக் காட்டலாம். விண்டோஸில் ஃபோல்டரை வலது சொடுக்கினால் ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பட்டியலில் அவை வரும். ஷேர் வழியாக வருபவர் அவற்றைப் படிக்கலாம், தொட முடியாது. பட்டியல் காலியாகவே இருந்தால், ஸ்நாப்ஷாட் பெயரில் உள்ள தேதி வடிவமும் சம்பாவில் எழுதிய தேதி வடிவமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். வேலை முடிந்த பேரேடுகளை மட்டும் வேறொரு ஷேருக்கு நகர்த்தி, அதைப் படிக்க மட்டும் என்று வைத்துவிடலாம். புதிய பேரேட்டை அங்கே நகர்த்துவது லினக்ஸ் சர்வருக்குள்ளேயே நடக்கட்டும். எந்த விண்டோஸ் கணக்குக்கும் அந்த உரிமை வேண்டாம்.